வகுப்பறையில் ஒரு நாவல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மாணவர்களின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை வளர்ப்பதற்குத் துண்டுப் பத்திகளை மட்டும் நம்பியிராமல், ஒரு முழு நாவலை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவல் பொருத்தமாக இருக்கும் என்றும் எழுதியிருந்தேன். தந்தை அம்புலியின் உயிரைக் குடித்த காரி என்னும் ஜமீன் காளையை அணைவதற்காக, அதாவது திமிலைத் தழுவிப் பிடித்து அடக்குவதற்காக, பிச்சி என்ற இளைஞன், தன் மைத்துனன் மருதனுடன் வெளியூர் ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். அந்த ஒரு பொழுதுக்குள் கதை முடிந்துவிடுகிறது. கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். “பிச்சியுடன் வந்தவன் யார்?” என்று கேட்டால் வரியைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுகிறார்கள். “அவன் ஏன் அப்படி நடந்துகொண்டான்?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், இல்லாவிட்டால், “நீங்களே சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறோம்” என்கிறார்கள். வரிகளுக்கு இடையில் இருப்பதைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்க முடியுமா, அல்லது அது தானாக வர வேண்டியதா?
– தமிழாசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, தேனி மாவட்டம்

பதில்: கற்றுக்கொடுக்க முடியும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, கேள்வி கேட்டுச் சோதிப்பதோடு நின்றுவிடுகிறோம். அமெரிக்காவில் டொலோரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியில் நான்காம் வகுப்பறைகளில் அமர்ந்து, ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று நிமிடக் கணக்கில் குறித்துவந்தார். வாசித்த பகுதியிலிருந்து கேள்வி கேட்பதற்கும், பயிற்சித்தாள் கொடுப்பதற்கும் ஏராளமான நேரம் செலவாகியிருந்தது. புரிந்துகொள்வது எப்படி என்று காட்டிக்கொடுத்த நேரம் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குச் சொற்பமாக இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து நம் வகுப்பறையில் ஒருவர் அப்படி அமர்ந்து குறித்தாலும் கணக்கு பெரிதாக மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் வகுப்பு மாணவர்களுக்காக 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தப்படும் பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வு, புரிதலை நான்கு படிகளாகப் பார்க்கிறது: எழுதியிருப்பதைத் தேடி எடுத்தல், எழுதியிருப்பதிலிருந்து நேரடியாக ஊகித்தல், பல இடங்களில் சிதறிக் கிடப்பவற்றை இணைத்துப் பொருள் காணுதல், வாசித்ததைச் சீர்தூக்கிப் பார்த்தல். உங்கள் மாணவர்கள் முதல் படியில் உறுதியாக நிற்கிறார்கள். பாடநூலின் மதிப்பீட்டு வினாக்களுக்குப் பல ஆண்டுகளாக விடை எழுதிப் பழகியதில், எல்லா விடையும் பக்கத்தில் எங்கோ அச்சடிக்கப்பட்டிருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அப்படி ஒரு வரி அகப்படாதபோது, விடை ஆசிரியரிடம் இருப்பதாக எண்ணிக் காத்திருக்கிறார்கள்.

இதை மாற்ற நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் மனத்தில் ஓடுவதை அவர்கள் காதில் விழும்படி பேசிக்காட்டுவது. ‘வாடிவாசலில்’ ஒரு கிழவர் வருகிறார். காளைகளின் பூர்வீகமும் அவற்றை அணைந்தவர்களின் பெருமையும் அறிந்தவர். அவர் அம்புலியைப் பற்றிப் பிச்சியிடமே பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, கேள்வியாக இல்லாமல் உங்கள் சிந்தனையாகவே சொல்லுங்கள்: “இந்தப் பையன் வெளியூர்க்காரன். வேடிக்கை பார்க்க வந்தவன் என்றால் எல்லாக் காளையைப் பற்றியும் விசாரிப்பான். இவன் காரியைப் பற்றிய பேச்சில் மட்டும் இவ்வளவு கவனமாக இருக்கிறானே, எனக்கு ஏதோ சந்தேகமாக இருக்கிறது. இரண்டு பக்கம் முன்னால் இவன் சொன்ன ஒன்றை மறுபடி பார்க்கிறேன்.” சொல்லிவிட்டு உண்மையிலேயே பக்கத்தைப் புரட்டுங்கள். நன்றாக வாசிப்பவர்கள் பின்னால் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாத செய்தி. ஒருமுறை வாசித்துப் புரியவில்லை என்றால் தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசிரியரே பின்னால் புரட்டுவதைக் கண்டதும் அவர்கள் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த காட்சியில் அந்த வேலையை மாணவர்களிடம் விடுங்கள். எந்த விடை வந்தாலும், சரி என்றோ தவறு என்றோ சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி போதும்: “எந்த வரி உன்னை அப்படி நினைக்கவைத்தது?” சரியான விடை சொன்னவரிடமும் இதைக் கேட்க வேண்டும், தவறாகச் சொன்னவரிடம் மட்டும் கேட்டால் அது தண்டனையாகிவிடும். கேட்டபின் பொறுத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் விடைகள் நீள்வதோடு, வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே எடுத்துக்காட்டினார். மூன்று நொடி மௌனம் வகுப்பறையில் மிக நீளமாகத் தெரியும். இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாவலில் பேசுபவர்கள் அனைவரும் மதுரைப் பக்கத்துப் பேச்சு பேசுகிறார்கள். என் மாணவர்கள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சிலருக்கு வீட்டில் தெலுங்கு, உருது. முதலில் அருஞ்சொற்பொருள் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்துவிட்டுத் தொடங்கலாமா? உரையாடல்களைப் பொதுத்தமிழில் மாற்றிக் கொடுக்கலாமா?
– தனியார் பள்ளி ஆசிரியர், சென்னை

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் மாணவர்களுக்கு உண்மையில் குறைவது சொற்கள் அல்ல, அந்தச் சொற்கள் புழங்கும் உலகம். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி ஆகிய இருவர் செய்த ஒரு சிறிய ஆய்வு இதற்கு நேர்ப் பொருத்தமானது. அவர்கள் 64 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், மந்தமானவர்கள் என்று ஒரு பிரிவு. பேஸ்பால் ஆட்டம் பற்றி நன்கு அறிந்தவர்கள், அறியாதவர்கள் என்று இன்னொரு பிரிவு. ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதியை வருணிக்கும் கதையை வாசிக்கக் கொடுத்து, மேசை மேல் வைத்த சிறிய மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்தி, நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் மந்தமானவர்கள் எனப்பட்ட, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மிக நன்றாகச் செய்தார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் மதிப்பெண் போடுவதில் பெரும்பங்கு, அந்தப் பொருளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான்.

ஜல்லிக்கட்டுக் கதையிலும் இதேதான் நடக்கும். ஆகவே முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன் அரைப் பாடவேளையை ஒதுக்கி, கரும்பலகையில் ஒரு வரைபடம் போடுங்கள். காளை அடைபட்டிருக்கும் தொழுவம் எங்கே, அது வெளிப்படும் வாசல் எங்கே, காளை அணைபவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் எங்கே, காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் எங்கிருந்து பார்ப்பார் என்பதெல்லாம் கண்முன் வந்துவிட்டால், ‘திமில்’ என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் எழுதிப்போட வேண்டியிருக்காது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் நிகழ்ச்சிகளைப் பொங்கல் நாட்களில் தொலைக்காட்சி நேரலையில் பார்த்த பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ தாத்தா வீடு இருக்கும் ஒருவராவது வகுப்பில் இருப்பார். அவர்களை எழுப்பிப் பேசவிடுங்கள். வழக்கமாகப் பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை, அன்றைக்கு வகுப்புக்கே விளக்கம் சொல்பவனாகிவிடக்கூடும்.

இன்னொரு பின்னணியும் தேவை. அதைப் பல ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். ஜமீன்தார் என்றால் யார்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சென்னை மாகாணத்தில் ஜமீன் முறை ஒழிக்கப்படும்வரை, ஓர் ஊரின் நிலத்தின் மேலும், அதனால் ஊர்மக்களின் பிழைப்பின் மேலும் ஒரு குடும்பத்துக்கு என்ன பிடி இருந்தது? இது தெரியாத மாணவர், ஜமீன் காளையின் மேல் கை வைப்பதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று விழிப்பார். காளையின் வலிமையைக் கண்டு மட்டும் பயப்படுகிறார்கள் என்று நினைத்து வாசித்தால் நாவலில் பாதி போய்விடும். 2017இல் மெரினா கடற்கரையில் நடந்த போராட்டத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைத் தொட்டுப் பேசலாம். ஆனால் அதிலேயே பாடவேளை கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விவாதம் இந்தக் கதைக்கு வெகுகாலம் பிந்தியது.

வட்டாரப் பேச்சுக்கு மருந்து குரல்தான். கண்ணால் பார்க்கும்போது முள்ளாகக் குத்தும் எழுத்து, வாயால் சொல்லிக் கேட்டவுடன் பெரும்பாலும் விளங்கிவிடும். நீங்கள் அந்தப் பேச்சை வீட்டில் இரண்டு முறை வாசித்துப் பழகிக்கொண்டு வாருங்கள். பொதுத்தமிழாக மாற்றிக் கொடுத்தால், யார் யாருக்குப் பணிந்து பேசுகிறார்கள், எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்ற குறிப்புகளெல்லாம் அழிந்துபோகும்; மாணவர் ஊகிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. கதையின் போக்கு தொங்கும் ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் முன்கூட்டியே பொருள் சொல்லுங்கள். காளையை ‘அணைவது’ என்றால் என்ன என்பது அவற்றில் முதலாவது.

கேள்வி: உங்கள் யோசனை நல்லதுதான். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதவில்லை. ஒரு நாவலுக்கு ஒரு பருவம் முழுவதும் கொடுக்க எந்தப் பள்ளியால் முடியும்?
– தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஒரு பருவம் முழுவதும் கொடுக்கவே கூடாது என்பதுதான் என் கருத்தும். மெதுவாக வாசித்தால் ஆழமாகப் புரியும் என்று நாம் நினைக்கிறோம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு நேர்மாறாக ஒன்றைச் செய்து பார்த்து, 2019இல் வெளியிட்டார்கள். 20 ஆங்கில ஆசிரியர்கள், 12–13 வயதுடைய 365 மாணவர்களுக்கு, சற்றுக் கடினமான இரண்டு நாவல்களை 12 வாரத்தில் வகுப்பிலேயே உரக்க வாசித்து முடித்தார்கள். வழக்கமான இடையீடுகளைக் குறைத்து, வேகத்தைக் கூட்டினார்கள். மாணவர்களின் புரிதல் சராசரியாக எட்டரை மாத வளர்ச்சிக்கு ஈடாக உயர்ந்திருந்தது. வாசிப்பில் பின்தங்கியிருந்த மாணவர்களுக்கு அது 16 மாதமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை. அவர்கள் வாசித்தது ஆங்கிலம், வகுப்புகளும் நம்முடையவைபோல் நெரிசலானவை அல்ல. ஆகவே அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான்: நேற்று நடந்தது நினைவில் இருக்கும்போதே இன்றைக்குள்ளதை வாசித்தால்தான் மனம் இரண்டையும் இணைக்கும். வாரத்துக்கு ஒரு நூலக வேளையில் மூன்று பக்கம் என்று இழுத்தால், ஒவ்வொரு முறையும் முன்கதையைச் சொல்வதிலேயே வேளை முடிந்துவிடும்.

‘வாடிவாசல்’ ஒரே அமர்வில் வாசித்துவிடக்கூடிய அளவுள்ள குறுநாவல். அதைத் தொடர்ச்சியாக நாளுக்கொரு வேளை எடுத்துக்கொண்டால், இடையிடையே பேசுவதற்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பாடவேளையில் முடித்துவிடலாம். பாடத்திட்டத்தோடும் இது மோதாது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் விரிவானப் பகுதியில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. முன்பே ஒரு வட்டார நாவலை முழுதாக வாசித்த வகுப்பு, அந்தப் பகுதியை ஆசிரியரின் உதவியை அதிகம் எதிர்பாராமல் உள்வாங்கிக்கொள்ளும். நீங்கள் செலவழித்த வேளைகளில் சிலவாவது அங்கே திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு நாவலா?
– பட்டதாரி ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அவர்களை வைத்துக்கொண்டுதான். கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் முன்வைத்த எளிய கோட்பாடு ஒன்று உண்டு. வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தை ஒலியாக்கிச் சொல்லைக் கண்டுகொள்ளும் திறனையும், கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்றார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் ஏழெட்டுப் பேரிடம் குறைவது முதலாவது மட்டும். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் மற்றவர்களுக்கு எந்த வகையிலும் இளைத்தவர்களாக இருக்கமாட்டார்கள். எழுத்தில் தடுமாறுகிறார்கள் என்பதற்காகச் சிறுபிள்ளைக் கதைகளையே அவர்கள் கையில் திணித்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டாவது திறனும் வளராமல் நின்றுவிடும்.

ஆகவே முக்கியமான பகுதிகளை நீங்கள் வாசியுங்கள். அவர்கள் விரலோ அளவுகோலோ வைத்து வரியைத் தொடர்ந்து வரட்டும். ஆளுக்கு ஒரு பத்தி என்று வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். தன் முறை எப்போது வரும் என்று பத்தியை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை எதையும் கேட்பதில்லை. தடுமாறுபவர் வகுப்பின் முன் அவமானப்படுவதைத் தவிர வேறு பலனும் இல்லை. அவர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்பினால், நாளைய பகுதியில் மருதன் பேசும் நான்கு வரிகளை இன்றைக்கே எழுதிக் கொடுத்து, வீட்டில் பழகிவரச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சி தனியே, நாள்தோறும் நடக்கட்டும். அதை நாவல் வேளையோடு குழப்ப வேண்டாம்.

கேள்வி: பயிற்சி முகாமில் கற்றபடி, மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, ‘கணிப்பவர்’, ‘கேள்வி கேட்பவர்’, ‘தெளிவுபடுத்துபவர்’, ‘சுருக்கிச் சொல்பவர்’ என்று அட்டை கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அட்டையை நிரப்பித் தருகிறார்கள். ஆனால் கதையைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கே தவறுகிறது?
– ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முறையில் தவறில்லை, அது நம் கைக்கு வந்து சேர்வதற்குள் அதன் உயிர் எங்கோ நழுவிவிட்டது. பாலின்சார், பிரவுன் ஆகியோர் 1984இல் விவரித்த முறை இது. வாசிப்பில் சிரமப்பட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் சிறு குழுவாக அமர்ந்து, இந்த நான்கையும் தானே செய்துகாட்டி, பிறகு மாணவர்களை ஒவ்வொருவராக ஆசிரியர் இடத்தில் அமரவைத்து, மெல்ல மெல்லப் பொறுப்பைக் கைமாற்றினார். அங்கே உரையாடல்தான் முதன்மை; எழுதி நிரப்பும் அட்டை அந்த முறைக்கே தேவைப்படவில்லை. ஒவ்வொரு மாணவரும் நான்கையும் செய்தார். ஒருவருக்கு ஒரு வேலை என்று பங்கு போட்டுவிடவும் இல்லை.

என் யோசனை: அட்டைகளை எடுத்துவைத்துவிடுங்கள். நான்கையும் ஒவ்வொரு நாளும் செய்யத் தேவையில்லை. கதை எதைக் கேட்கிறதோ அதைச் செய்தால் போதும். காரி வாடிவாசலுக்கு வரும் தறுவாயில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “இனி என்ன நடக்கும், ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று கேட்டால் வகுப்பே கொந்தளிக்கும், கணிப்பதற்கு அதுதான் இடம். கதை தொடங்கி இரண்டாம் பக்கத்திலேயே கணிக்கச் சொன்னால், ஆதாரம் எதுவும் கையில் இல்லாத பிள்ளை வாய்க்கு வந்ததை எழுதும். கிழவரின் நீண்ட பேச்சு முடிந்த இடத்தில் சுருக்கிச் சொல்லச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே பல தகவல்கள் குவிந்து கிடக்கின்றன. காளையோடு பிச்சி மல்லுக்கட்டும் பக்கங்களில் எதுவுமே வேண்டாம். வாசியுங்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள்; மன்னிக்கவும் கூடாது.

கேள்வி: என் மகள் பள்ளியில் இந்த நாவலை வாசிக்கிறார்கள். பழிவாங்கல், ரத்தம், சாதிப் பேச்சு என்று இருக்கிறதே, பிள்ளைகளுக்கு இதில் என்ன நீதி கிடைக்கும்?
– தாய் ஒருவர், திருச்சி

பதில்: உங்கள் கவலையை நான் மதிக்கிறேன், அம்மா. நீதிக்கதைகளில் முடிவில் ஒரு வரி எழுதியிருக்கும். பிள்ளை அதை மனப்பாடம் செய்துகொள்ளும். நாவலில் அந்த வரி இருக்காது. தந்தையைக் கொன்ற காளையை அடக்கத் துடிப்பது வீரமா, வீண் பிடிவாதமா என்பதைப் பிள்ளையே எடைபோட வேண்டியிருக்கிறது. அப்படி எடைபோடும் பயிற்சியைத்தான் புரிதலின் உச்சப் படி என்று மேலே சொன்னேன். ரத்தத்தைப் பொறுத்தவரை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் திரையில் பார்ப்பதற்கு முன் இது ஒன்றுமில்லை. தவிர, இங்கே ஒவ்வொரு காயத்துக்கும் வலி இருக்கிறது.

சாதி பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. மனிதர்களைச் சாதிப் பெயரோடு சேர்த்து அழைக்கும் காலத்துக் கதை இது. ஆசிரியர் அதைக் காணாததுபோல் கடந்துபோனால், வகுப்பில் ஒரு பகுதியினர் பெருமிதமும் இன்னொரு பகுதியினர் கூச்சமும் அடைந்து அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் அன்றைய சமூகம் மனிதர்களை வைத்திருந்த இடத்தைக் காட்டுகின்றன என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வகுப்பில் எவரையும் அப்படி அடையாளப்படுத்தக் கூடாது என்ற விதியையும் ஆசிரியர் வைத்துவிட வேண்டும். உங்கள் மகளின் ஆசிரியரிடம் இதைப் பற்றி நேரில் பேசிப்பாருங்கள். நீங்களும் நாவலை ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் அந்தப் பேச்சு இன்னும் பயனுள்ளதாக அமையும்.

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு எந்த நூலைப் பரிந்துரைப்பீர்கள்?
– இடைநிலை ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ‘வாடிவாசல்’ அந்த வயதுக்குக் கனமானது. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ சான்’ நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. தன் பள்ளி அனுபவங்களைச் சொல்லும் தன்வரலாறு அது என்றாலும், நாவலைப் போலவே வகுப்பில் வாசிக்கலாம். ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு பள்ளியில் படித்த சிறுமியின் கதை. அத்தியாயங்கள் சிறியவை, ஒரு வேளைக்கு இரண்டு முடியும். போலியோவால் பாதிக்கப்பட்ட நண்பனைச் சிறுமி மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தை வாசித்துவிட்டு, அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான், எதைச் சொல்லாமல் விட்டிருப்பான் என்று கேட்டுப் பாருங்கள். ஊகித்தறியும் பயிற்சிக்கு ஆறாம் வகுப்பில் அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கடைசியில் மதிப்பெண் போட்டாக வேண்டுமே. ‘உன் கருத்து என்ன?’ என்று கேட்டால் எந்த விடையும் சரி என்று ஆகிவிடாதா?
– முதுகலை ஆசிரியர், மதுரை

பதில்: ஆகாது. முடிவில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுவிடுகிறார். “அவர் ஏன் சுட்டார்?” என்பது தேர்வுக்குரிய கேள்வி. மூன்று விதமான விடைகள் வரும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாணவர், “ஜமீன்தார் கெட்டவர், அதனால் சுட்டார்” என்று எழுதுகிறார். கதையில் எந்த இடத்திலிருந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று காட்டவில்லை. வேறு எந்தக் கதையின் ஜமீன்தாருக்கும் இதே விடை பொருந்தும். இதற்குச் சொற்ப மதிப்பெண்தான். இன்னொருவர், “பிச்சி காரியை அடக்கிவிட்டதால் அவருக்குக் கோபம் வந்து சுட்டார்” என்கிறார். நிகழ்ச்சியை நிகழ்ச்சியோடு இணைத்துவிட்டார். பாதி தூரம் வந்துவிட்டார். மூன்றாமவர், ஊரே அந்தக் காளையை ஜமீனின் பெருமையாகப் பேசியதை முற்பகுதியிலிருந்து எடுத்துக்காட்டி, அது தோற்றது அவர் தோற்றதாகவே ஊருக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதி, சுடும் காட்சியில் அவருடைய பேச்சும் செயலும் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரியையும் குறிப்பிடுகிறார். முழு மதிப்பெண் அவருக்கு. இதே தரத்தில் நான்காவது ஒருவர், வெறி கொண்ட காளை மனித உயிர்களைக் குடித்துவிடும் என்பதால் வேறு வழியின்றிச் சுட்டார் என்று, அதற்கான வரிகளைக் காட்டி வாதிட்டால், அவருக்கும் முழு மதிப்பெண் தரத்தான் வேண்டும். இரண்டு விடையும் நூலில் வேரூன்றியவை. எனக்கு மூன்றாவது விடைதான் உவப்பானது என்பது மதிப்பெண்ணைத் தீர்மானிக்கக் கூடாது.

ஆகவே மதிப்பெண் அளவுகோலை மாணவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: கருத்துக்கு ஒரு பங்கு, அதைத் தாங்கும் வரிகளுக்கு ஒரு பங்கு, வரி எப்படிக் கருத்தைத் தாங்குகிறது என்ற விளக்கத்துக்கு இரண்டு பங்கு. தேர்வின்போது புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ள அனுமதியுங்கள். இது நினைவாற்றல் தேர்வு அல்ல. வகுப்பில் விவாதித்த கேள்வியையே திரும்பக் கேட்டால், பேசியதை ஒப்பிப்பார்கள். விவாதிக்காத ஒன்றைக் கேளுங்கள். கிழவர் பிச்சிக்கு உதவுவதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்பது அப்படிப்பட்ட கேள்வி. அதோடு, அவர்கள் இதுவரை வாசித்திராத ஒரு சிறுகதையிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதில் வரும் ஒரு பாத்திரத்தைப் பற்றி இதே முறையில் ஒரு கேள்வி கேளுங்கள். நாவலில் கற்றது அந்த ஒரு பக்கத்தில் தென்படுகிறதா என்பதைப் பார்த்துவிட்டு, தென்படாத மாணவர்களுடன் மறுநாள் அதே பக்கத்தை வைத்துக்கொண்டு அமர்ந்து, உங்கள் மனத்தில் ஓடுவதை மீண்டும் ஒருமுறை உரக்கச் சொல்லிக்காட்டுங்கள்.